ஜெயித்தவர் வீட்டில், தோற்றவர் போட்டியில்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் என்று ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. 1947-ல் அகஸ்தீனிய சபைத் துறவிகள் தொடங்கியது. அதன் கூடைப்பந்து அணி நெடுநாள் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. 2019-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஏறிய முதல் சீசனிலேயே தன் லீகின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நான்காவது சீசனில், 2023 மார்ச்சில், லீக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தை 67-66 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

இந்தக் கோப்பையை வெல்லும் அணிக்கு, அந்த ஆண்டு 68 அணிகள் ஆடிய தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. ஆனால் ஜெயித்த மெரிமாக் வீட்டில் இருந்தது. தோற்ற ஃபேர்லி டிக்கின்சன் போட்டிக்குப் போனது.

காரணம் ஒரு விதி. இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வரும் கல்லூரி அப்போது நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு ஆண்டும் முதல் டிவிஷன் அணிகளோடு மோதலாம், லீகில் ஆடலாம், ஜெயிக்கலாம். தேசியப் போட்டிக்கு மட்டும் போகக்கூடாது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. வகுத்த விதி இது. மெரிமாக் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின ஆண்டு, 2022-ல், கென்டக்கி மாநிலத்து பெல்லர்மைன் பல்கலைக்கழகமும் தன் லீக் கோப்பையை வென்றுவிட்டு வீட்டில்தான் இருந்தது. அதன் இடத்தில் ஜாக்சன்வில் ஸ்டேட் போனது.

இதில் யாருக்குத் தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். மேலே ஏற முடிவு செய்தது கல்லூரி நிர்வாகம். விண்ணப்பம் போட்டது நிர்வாகம். கட்டணம் கட்டியது நிர்வாகம். தண்டனை மட்டும் மாணவனுக்கு. ஒரு மாணவன் கல்லூரி அணியில் ஆட வழக்கமாகக் கிடைப்பது நான்கு சீசன். காத்திருக்க வேண்டியதும் நான்கு ஆண்டு. ஏறிய வருடம் சேர்ந்த பையன் பட்டம் வாங்கிக்கொண்டு போகும்வரை அவனுக்கு அந்தக் கதவு திறக்கவே திறக்காது.

நான் அரசாங்க கிளார்க்காக இருந்தவன். தகுதிகாண் பருவம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவனைக் கண்காணிக்கலாம். சரியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அந்தக் காலத்தில் அவன் செய்த வேலைக்குச் சம்பளம் அவனுக்குத்தான். பக்கத்து மேஜைக்காரர் பெயரில் பில் போட்டுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

விதியை ஆதரிப்பவர்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. தேசியப் போட்டியின் பணத்துக்கும் பெயருக்கும் ஆசைப்பட்டு, வசதியில்லாத கல்லூரிகள் அவசரமாக ஏறக்கூடாதாம். உதவித்தொகை கொடுக்கவும், மாணவர்களின் படிப்பைக் கவனிக்கவும், நிலைத்து நிற்கவும் முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். கவலை நியாயமானதுதான். ஆனால் காத்திருக்க வைப்பதால் நிலைத்து நிற்பது உறுதியாகிவிடுமா? ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1984-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 2021-ல்தான் முதல் தடவையாகத் தேசியப் போட்டிக்குப் போனது. அதற்கடுத்த சில வாரங்களிலேயே மூன்றாம் டிவிஷனுக்கு இறங்குவதாக நிர்வாகக் குழு முடிவெடுத்தது. முப்பத்தேழு ஆண்டு இருந்த இடத்தையே ஒரு கூட்டத்தில் விட்டுவிட்டு இறங்கலாம் என்றால், நான்கு ஆண்டுக் காத்திருப்பு எதைச் சோதிக்கிறது?

வசதியைச் சோதிக்க வேண்டுமானால் அதற்குப் பணக் கணக்கு இருக்கிறது. முதல் டிவிஷனுக்கு ஏறும் கட்டணத்தை 2023-ல் ஐம்பது லட்சம் டாலராக உயர்த்தினார்கள். அது போதாதென்றால், புதிதாக ஏறிய கல்லூரி தேசியப் போட்டியில் சம்பாதிக்கும் பங்கை நான்கு ஆண்டுக்கு நிறுத்தி வைக்கட்டும். உதவித்தொகைக் கணக்கு சரியில்லை என்றால் அபராதம் போடட்டும். எல்லாம் நிர்வாகத்தின் பையிலிருந்து போகட்டும். பையன்களை ஆட விடட்டும்.

இன்னொரு வாதம், வேடிக்கையானது. மெரிமாக்குக்குப் பதிலாகப் போன ஃபேர்லி டிக்கின்சன், தன் பிரிவில் முதலிடத் தரவரிசை பெற்ற பர்டூவை 63-58 என்று வீழ்த்தியது. ஆண்கள் போட்டியில் பதினாறாம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வென்றது அது இரண்டாவது தடவைதான். விதி இல்லையென்றால் இந்த அதிசயம் நடந்திருக்குமா என்கிறார்கள். அந்தப் பையன்கள் அருமையாக ஆடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் தவறான முகவரிக்குப் போன மணியார்டரை வாங்கியவர் நல்ல காரியத்துக்குச் செலவழித்தார் என்பதற்காக, முகவரி சரியென்று ஆகிவிடாது.

அடுத்த ஆண்டு, 2024-ல், மெரிமாக்குக்குத் தகுதி வந்தது. மறுபடியும் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். வாக்னர் கல்லூரியிடம் தோற்றார்கள். ஜெயித்தபோது தகுதி இல்லை; தகுதி வந்தபோது ஜெயம் இல்லை. விளையாட்டில் வாய்ப்பு என்பது வங்கியில் போட்டு வைத்து அப்புறம் எடுத்துக்கொள்ளும் பணம் அல்ல.

2025 ஜனவரியில் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். நிபந்தனைகளை நிறைவேற்றினால் நான்கு ஆண்டு மூன்றாகும். ஓராண்டு குறைத்தவர்கள், மீதி மூன்று ஆண்டு எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவனின் நான்கு சீசனில் மூன்றை எடுத்துக்கொள்வதற்குப் பெயர் சலுகை அல்ல.