எண்ணப்படும் மலைகள்

ஸ்காட்லாந்து மலைகளைப் பற்றி எழுதுமாறு இங்குள்ள நண்பர்கள் பலமுறை கேட்டதுண்டு. அபர்தீனில் குடியேறி ஆண்டுகள் பல கடந்த பின்னும் நான் தட்டிக்கழித்தே வந்தேன். மூடுபனி, மழை, ஏரி, மான் என்று எழுதிச்செல்லும் பயணக் கட்டுரைகள் போதுமான அளவு இருக்கின்றன என்பது என் எண்ணம். இப்போது எழுத முனைவது ஒரு சச்சரவைப் பற்றி. சச்சரவு 282 என்ற ஓர் எண்ணைச் சுற்றியது.

1891ஆம் ஆண்டு சர் ஹியூ மன்றோ என்பவர், ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள மலைகளின் பட்டியல் ஒன்றை அந்நாட்டு மலையேறுவோர் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். (சென்னையில் சேணமில்லாக் குதிரைமீது வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஒருவர், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான்.) அத்தகைய மலைகள் அன்றுமுதல் அவர் பெயராலேயே 'மன்றோ' என வழங்கலாயின. இன்றைய கணக்கில் அவை 282. அனைத்திலும் ஏறி முடித்ததாகச் சங்கத்தில் பதிவுசெய்துகொண்டவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். மன்றோ தாமே தம் பட்டியலை முடிக்காமல் 1919இல் காலமானார். ஸ்கை தீவின் செங்குத்தான பாறைக்கூர் ஒன்று அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. 1901இல் முதன்முதலாக முடித்தவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார் என்பர். ஆனால் பென் விவிஸ் என்ற எளிய மலையில் மழைக்கு அஞ்சிப் பாதியிலேயே அவர் திரும்பிவிட்டாரோ என்ற ஐயத்தை, அவருடைய நாட்குறிப்பை வைத்துக்கொண்டு பின்னாளில் கிளப்பியிருக்கிறார்கள். மழை கண்டு திரும்பிய மனிதர்மீது எனக்கு மதிப்பே கூடுகிறது. பட்டியலின் நோக்கிலோ அது ஒரு கறை.

மூவாயிரம் அடி என்பது மீட்டரில் 914.4. வடமேற்கே பெய்ன் அ க்லாயிவ் என்றொரு மலையை அண்மைக்காலக் கருவிகளால் அளந்தபோது 913.96 மீட்டர் என்று தெரியவந்தது. ஒரு முழம்கூட இல்லாத அந்தக் குறைவுக்காக 2012இல் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. தேடி வருவோர்தாம் மாறிப்போவர்.

பட்டியலை முற்றிலும் பழிப்பது நேர்மையாகாது. அது இல்லாவிட்டால் நான் நாயிடார்ட்டுக்கோ சதர்லாந்தின் மூலைகளுக்கோ போயிருக்கவே மாட்டேன். வழிதெரியாத புதியவனுக்கு அது ஒரு கைப்பிடி. என் தொடக்க நாட்களில் வரைபடத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் குறியிட்டுக்கொண்டே போன இன்பத்தை இன்னும் மறக்கவில்லை. என்னுடைய குறை வேறு. எண்ணத் தொடங்கியவனுக்குத் திரும்பி நடப்பது தோல்வியாகிவிடுகிறது. குளிர்காலத்து ஸ்காட்லாந்தில் திரும்பத் தெரியாதவன் நெடுநாள் நடப்பதில்லை.

உயரத்தைக் கேட்டு நகைப்போர் உண்டு. ஆகப்பெரிய பென் நெவிஸ் 1345 மீட்டர்தான். நம் கொடைக்கானல் அதனினும் உயரத்தில் இருக்கிறது. ஆனால் கெய்ர்ன்கார்ம் மலையுச்சியில் 1986 மார்ச்சில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 173 மைல். அங்கே உச்சி என்பது கூர்முனையன்று. பல கிலோமீட்டர் விரிந்த மொட்டை மேட்டுநிலம். பனிப்படலமும் மேகமும் ஒன்றாகிவிட்டால் தரை எது, வானம் எது என்று தெரியாது. காலடியை எண்ணிக்கொண்டு, திசைகாட்டியை நம்பியே நடக்கவேண்டும். பென் நெவிசின் உச்சியிலிருந்து இறங்குவோர் மனப்பாடம் செய்துகொள்ளும் வழி ஒன்றுண்டு: 231 பாகையில் 150 மீட்டர், அதன்பின் 282 பாகை. தவறினால் இருபுறமும் பிளவுகள். உயிரோடு வீடுசேர்க்கும் கோணமும் பட்டியலின் எண்ணும் ஒன்றாய் அமைந்தது தற்செயல்தான்.

1971 நவம்பரில் அந்த மேட்டுநிலத்தில், எடின்பரோவிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் ஐவரும் உடன்வந்த இளம் பயிற்சியாளர் ஒருவரும் பனிப்புயலில் சிக்கி இறந்தனர். லொக்கன் பூயி என்ற சிறு குளத்தருகே இருந்த கல்குடிலை அடைவதே அவர்கள் திட்டம். குடில் எட்டவில்லை, வெட்டவெளியில் தங்க நேர்ந்தது. பின்னர் பெரும் விவாதம் எழுந்து, 1975இல் அந்தக் குடிலையே அகற்றினார்கள். அடைக்கலத்தை இடிப்பதா என்று முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அகற்றவேண்டும் என்றவர்களின் வாதம் எளிது: அங்கே ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே, திரும்பவேண்டிய மனிதர்களை மேலும் முன்னே இழுக்கிறது. சிகரத்தின்மீது எழுதப்பட்ட எண்ணும் அதே வேலையைத்தான் செய்கிறது என்கிறேன்.

அபர்தீனுக்கு அருகே வாழ்ந்த நேன் ஷெப்பர்டை நம்மவர் மிகுதியாகப் படித்ததில்லை. இரண்டாம் உலகப்போரின் இறுதி ஆண்டுகளில் கெய்ர்ன்கார்ம் மலைகளைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல், மேசையறையில் முப்பதாண்டுகள் கிடந்து 1977இல்தான் அச்சேறியது. உச்சியை நோக்கி விரையும் இளமை வேட்கையைக் கடந்து, மலையின்மேல் ஏறுவதற்கு மாறாக மலைக்குள் செல்லப் பழகிய ஒருவரின் நூல் அது. நீர், கல், உறக்கம், வெறுங்கால் என்று அவருடைய கவனம் போகிறது. இன்று அவர் உருவம் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு நோட்டு ஒன்றில் இருக்கிறது; நூலையும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுவோர் பலர் சனிக்கிழமை பொழுது புலருமுன் எழுந்து எண்ணப் போய்விடுகிறார்கள் என்பது வேறு.

நான் பட்டியலிலிருந்து விடுபட்டதற்கு நூலைவிடப் பனிச்சறுக்குப் பலகைகளே பெருங்காரணம். இயந்திர இழுவையில் ஏறிச் சறுக்குவதைச் சொல்லவில்லை. பலகையின் அடியில் முடிகொண்ட பட்டையை ஒட்டி (முன்னாளில் சீல் தோல், இப்போது நைலான்), குதிகால் தூக்கியபடி நடந்தே ஏறி, மேலே பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது. முகடுகளிலிருக்கும் பனியைக் காற்று வாரிச்சென்று பள்ளங்களில் கொட்டிவிடும். ஆகவே சறுக்குவோன் போகவேண்டியது பனி கிடக்கும் ஓடைத்தடத்துக்கு. உச்சியில் பலநேரம் வெறும் கல்தான். பனிச்சரிவு முன்னறிவிப்பைக் காலையில் படித்துவிட்டு, எந்தத் திசைச் சரிவு ஆகாது என்று கழித்தபின் எஞ்சுவதே அன்றைய வழி. ஒரு மணிநேரம் பலகைகளை முதுகில் சுமந்து புதர்க்காட்டில் தடுமாறி, பத்து நிமிடம் சறுக்கிய நாட்களும் நல்ல நாட்களே. ஆடம் வாட்சன் என்ற சூழலியலாளர் 1962இல் கெய்ர்ன்கார்மின் ஆறு பெருஞ்சிகரங்களைத் தன்னந்தனியே ஒரே நாளில் பனிப்பலகையில் கடந்தார். அவரே பின்னர் பல்லாண்டுகள், கோடையில் எந்தப் பள்ளத்தில் எவ்வளவு பனி எஞ்சியது என்று பொறுமையாகக் குறித்துவைத்தார். இதுவும் எண்ணிக்கைதான். ஆனால் இந்தக் கணக்கில் எண்ணுகிறவனுடைய பெருமைக்கு இடமில்லை.

பிரேரியாக் மலையின் ஒரு பள்ளத்தில் ஆண்டு முழுதும் கரையாதிருக்கும் எனப் பேர்பெற்ற பனித்திட்டு, 20ஆம் நூற்றாண்டில் 1933, 1959, 1996 என மூன்றுமுறையே முற்றும் கரைந்ததாகக் கணக்கு. அதன்பின் 2022 வரையில் 2003, 2006, 2017, 2018, 2021, 2022. சறுக்கும் நாட்கள் எண்ணிப் பார்க்கும்படி ஆகிவிட்டன.

சச்சரவுக்கு வருகிறேன். ஒரு பிப்ரவரி மாதம் நண்பரொருவரும் நானும் பலகைகளோடு பென் மக்டூயிக்குப் புறப்பட்டோம். நான்கு ஆண்டுகள் ஒரே கயிற்றில் நடந்தவர்கள். அவருக்கு அது 141ஆவது, அதாவது சரிபாதி. லொக்கன் பூயியை எட்டியபோது காற்று திரும்பிற்று. பனித்துகள் முழங்கால் உயரத்தில் ஆறாக ஓடியது. உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். "அரைமணி நேரந்தான்" என்றார். எனக்கு அச்சமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். நான் திரும்புகிறேன் என்றேன். தனியே விட இயலாமல் அவரும் திரும்பினார். இறங்கும் வழியில் ஒரு பள்ளத்தில் காற்றுப்படாத பனி மெத்தென்று கிடக்க, அன்றைய நாளின் மிகச்சிறந்த சறுக்கல் எங்களுக்கு வாய்த்தது. அவர் நின்று பார்க்கவில்லை. மாலை நான்கு மணிக்கு வானம் முற்றும் தெளிந்து, உச்சி பளிச்சென்று தெரிந்தது. வண்டியில் இருவரும் பேசவில்லை.

மேகம் கலைந்துவிட்டபடியால் என் முடிவு பிழை என்பது அவர் வாதம். கலையும் என்று இரண்டு மணிக்கு நம்மில் எவர் அறிந்தார் என்பது என்னுடையது. அதன்பின் அவர் வேறொருவரோடு சென்று 141ஐ முடித்துவிட்டதாகக் கேள்வி. என் வரைபடத்தில் லொக்கன் பூயியின் அருகே அன்றைய தேதியையும் "இங்கிருந்து திரும்பினோம்" என்பதையும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணும் அதே வரைபடத்தின் பின்புறத்தில்தான் இருக்கிறது.