வெந்நீரும் மின்சாரமும் ஒரே கருவியில்



நிலக்கரி அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வெப்பமாக வீணாகிறது என்பதும், தொலைவிலுள்ள வீடுகளுக்கு அதனைக் கொண்டுவருவது அரிது என்பதும் கட்டட ஆற்றல் குறித்த விவாதங்களில் போதிய கவனம் பெறுவதில்லை. 2009-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘எனெ-ஃபார்ம்’ என்னும் வீட்டுக் கருவி இவ்வெப்ப இழப்புக்கு நேரான விடையாகும். குழாயில் வரும் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதனை எரிக்காமலேயே காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மின்வேதி வினையில் சேர்க்கும் எரிபொருள் மின்கலம், சுமார் 700 வாட் திறனில் மின்சாரம் தருவதோடு, வினையில் எழும் வெப்பத்தை வெந்நீராகத் தொட்டியில் சேமிக்கிறது. மின்சாரமும் வெப்பமும் ஒருங்கே பெறும் இம்முறையே இணை உற்பத்தி எனப்படும்.

மாலைதோறும் ஆழமான தொட்டியில் வெந்நீர்க் குளியல் கொள்ளும் ஜப்பானியக் குடும்ப வழக்கமே இக்கருவிக்கு உயிர்நாடி. வெந்நீர்த் தேவை குறைந்த வீட்டில், தொட்டி நிறைந்தபின் எழும் வெப்பம் பயனின்றிப் போகும். மேலும், ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து வரும்வரை கரியமில வாயு குறையுமேயன்றி ஒழியாது. ஆகவே இதனை முற்றிலும் மாசற்றது என்று புகழ்வது தவறு. இணை உற்பத்தி வெந்நீர்த் தேவையைப் பொறுத்தே பயன்தருவதால், நாள் முழுதும் வெந்நீர் வேண்டும் மருத்துவமனைகளையும் விடுதிகளையும் வடிவமைப்போர், மின்தேவையைக் கணக்கிடும்போதே வெப்பத்தேவையையும் மணிவாரியாகக் கணக்கிடுதல் வேண்டும்.

— ஒரு வாசகர்