முகம் எந்தப் பக்கம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு நண்பர் ஒருவரின் மோட்டார் வண்டியில் பிரயாணம் செய்யும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. நண்பருடைய பேரனுக்கு அன்று ஆண்டு நிறைவு. வடிவுடையம்மன் சந்நிதியில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து விருந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. ஏற்பாட்டில் விருந்தும் அடங்கியிருந்தபடியால் நாம் மறுப்புச் சொல்லவில்லை.

வண்டி கிளம்புவதற்கு முன்பே வாசலில் ஒரு மகாநாடு கூடிவிட்டது. வண்டியின் பின் சீட்டில் குழந்தைக்கென்று ஒரு தனி ஆசனம் பொருத்தியிருந்தார்கள். அதில் குழந்தை வண்டியின் பின்புறத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விவகாரம் அதைப் பற்றித்தான்.

"ஒரு வயது ஆகிவிட்டது. இன்னும் பிள்ளையைத் திருப்பி உட்கார வைத்திருக்கிறீர்களே! காலை நீட்ட இடமில்லாமல் தவளை மாதிரி மடக்கிக் கொண்டிருக்கிறான், பாவம்!" என்றாள் பாட்டி.

"தேசமே முன்னேறுகிறது, என் பேரன் மட்டும் பின்னோக்கிப் போவதாவது!" என்றார் தாத்தா.

"வருஷம் ஒன்று முடிந்தால் திருப்பிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்" என்றான் குழந்தையின் தகப்பன்.

குழந்தையின் தாயார் மட்டும், "இன்று வேண்டாம்" என்றாள்.

தீர்ப்புச் சொல்லும்படி நம்மைக் கேட்டார்கள். பத்திரிகைக்காரனுக்குச் சகல விஷயமும் தெரியும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அதைக் கெடுக்க மனமில்லாமல், "போய் வந்து சொல்கிறோம்" என்று வாய்தா வாங்கிக் கொண்டோம். விருந்துச் சமையலைக் கவனிப்பதற்காகப் பாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஆசனம் இருந்தபடியே இருந்தது.

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பற்றி அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு முன்னால் போன லாரி ஒன்று, முன்னறிவிப்பு எதுவுமின்றி நின்றது. நம்முடைய வண்டியும் கிரீச்சென்று நின்றது. மோதல் இல்லை, ஆனால் தாயாரின் மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டு பறந்தது. தேங்காய் முன் சீட்டின் முதுகில் மோதி விழுந்தது. அதற்குப் பக்கத்திலேயே நமது நெற்றியும் மோதிற்று. பின் சீட்டில்தானே இருக்கிறோம் என்று நாம் பெல்ட் மாட்டிக் கொள்ளவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம். குழந்தையைப் பார்த்தோம். முதுகு ஆசனத்தில் நன்றாகப் பதிந்தபடி, நம்முடைய நெற்றியைப் பார்த்து அவன் சிரித்துக் கொண்டிருந்தான்.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. அதற்கு ஆதாரங்களைத் தேடும் வேலைதான் நமக்குப் பாக்கி. தேடிக் கண்டவற்றை நேயர்களுக்குச் சொல்கிறோம்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதனுக்கோ எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் குழந்தைப் பருவத்தில் முற்றி இறுகுவதில்லை. அவற்றின் பகுதிகளைக் குருத்தெலும்பு இணைத்திருக்கிறது. அவை ஒன்றாக இறுகச் சில வருஷங்கள் ஆகும். முன்னோக்கி உட்கார்ந்த குழந்தை விபத்தில் சிக்கினால், பட்டைகள் உடலைப் பிடித்து நிறுத்திவிடும். தலை மட்டும் முன்னே பாயும். இடையில் அகப்படுவது கழுத்து. பின்னோக்கி உட்கார்ந்த குழந்தைக்கோ தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் ஆசனம் ஒரே சமயத்தில் தாங்கிக் கொள்கிறது. அதிர்ச்சி ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது.

இதை முதலில் செய்து காட்டியவர் ஸ்வீடன் தேசத்து வைத்தியர் பெர்ட்டில் ஆல்ட்மன். விண்வெளி வீரர்கள் ராக்கெட்டின் வேகத்தைத் தாங்குவதற்காக முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பதைக் கண்டு அவருக்கு இந்த யோசனை உதித்தது. 1964-ல் முதல் மாதிரி ஆசனம் சோதிக்கப்பட்டது. அந்தத் தேசத்தில் 4 வயது வரைகூடக் குழந்தைகள் பின்னோக்கியே பிரயாணம் செய்வது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவின் புதிய ஆசன விதிப்படி 15 மாதம் தாண்டாத குழந்தையை முன்னோக்கி வைக்கவே கூடாது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் முன்பு 2 வயது என்று ஒரு கணக்குச் சொல்லிக் கொண்டிருந்தது. 2018-ல் அதையும் விட்டுவிட்டு, ஆசனம் இடங்கொடுக்கும் வரையில் பின்னோக்கியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே, குழந்தை எப்போது தயார் என்பதற்குப் பிறந்த நாள் சாட்சி அல்ல. உட்காரப் பழகியதும் சாட்சி அல்ல. கால் மடங்குவதும் சாட்சி அல்ல. குழந்தைகள் காலை மடக்கிக் கொண்டு சுகமாகவே இருப்பார்கள், கஷ்டப்படுவது பார்க்கிறவர்களின் மனம்தான். ஆசனத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் கூட வந்த புத்தகத்தையும் படிக்க வேண்டும். பின்னோக்கி வைப்பதற்கு இத்தனை கிலோ, இத்தனை உயரம் என்று அதில் எல்லை போட்டிருக்கும். சில ஆசனங்களுக்கு 13 கிலோ, சிலவற்றுக்கு 18 கிலோ. அந்த எல்லையைக் குழந்தை தாண்டினாலோ, உச்சந்தலைக்கு மேல் ஆசனம் ஓர் அங்குலமாவது மிஞ்சாவிட்டாலோ, அந்த ஆசனம் போதாது என்று அர்த்தம். அப்போதும் அவசரம் வேண்டாம். சிறிய ஆசனம் போதாமற் போனால், பின்னோக்கியே வைக்கக்கூடிய பெரிய ஆசனம் வாங்க முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் காரியம்.

பிறகு திருப்பும் நாள் வந்தே தீரும். அன்று தோள் பட்டைகளைத் தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ கோக்க வேண்டும். பின்னோக்கி இருந்தபோது தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்தவை அவை. தோளருகே பட்டையைக் கிள்ளினால் மடிப்பு அகப்படக் கூடாது. ஆசனத்தின் தலைப்பக்கத்தில் கட்டும் பட்டை இருந்தால் அதையும் மறவாமல் மாட்ட வேண்டும். எந்த வயதிலும் குழந்தைக்குப் பின் சீட்டே உத்தமம். காற்றுப் பை வேலை செய்யும் முன் சீட்டில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது.

"பெற்ற மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 125 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். தாயன்புக்கு எல்லை இல்லை. தாயின் கைக்கு உண்டு.

நமது சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ தக்க ஆசனமோ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் முகம் எந்தப் பக்கம் என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சு இல்லை. அதைத் தீர்மானிப்பது நம்முடைய பொறுப்பு.

"எங்களுக்குக் கார் ஏது?" என்று நேயர்களில் பலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வடசென்னையில் பெரும்பாலான குழந்தைகள் போவது தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவே, இரு சக்கர வண்டியில்தான். அவர்களுக்கும் 2023 பிப்ரவரி முதல் விதி உண்டு: 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவருடன் பட்டையால் பிணைக்க வேண்டும், 9 மாதம் ஆனதிலிருந்து தலைக்கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் கார்கள் கோக்கப்பட்டன. 1956 முதல் திருவொற்றியூரில் என்பீல்டு புல்லட்டுகள் தயாராயின. தேசத்துக்கு வண்டி செய்து கொடுத்த இந்தப் பிரதேசம், வண்டியில் குழந்தையை ஏற்றிச் செல்லும் விதத்திலும் தேசத்துக்கு வழிகாட்டினால் என்ன?

விருந்து முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, நமது தீர்ப்பைச் சொன்னோம். "முன்னேற்றம் என்பது முகம் இருக்கும் திசையில் இல்லை, போகும் இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேருவதில் இருக்கிறது" என்றோம். தாத்தா தலையை ஆட்டினார். தகப்பன், ஆசனத்துடன் வந்த புத்தகம் பரணில் எங்கே கிடக்கிறது என்று தேடப் போனான். பாட்டி மட்டும் நமது வாதங்களில் எதையும் கேட்கவில்லை. நமது நெற்றியிலிருந்த வீக்கத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"பிள்ளை அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வீக்கத்துக்குப் பற்றுப் போட மஞ்சள் அரைக்கப் போய்விட்டாள்.