கதவை மூடி வச்சுப் பாத்து வாங்குங்க

எழுத்தாளர் ஆகணும்ங்கற ஆசையில இங்க கதையும் சினிமாவுமா எழுதிக்கிட்டிருந்தவன் இன்னிக்குக் கதவைப் பத்தி எழுத வந்திருக்கேன். காரணம் இருக்கு. இங்கிலாந்துல இருக்கற நம்ம மக்கள்ல வீட்டுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன் எடுக்காதவங்களை இப்போ விரல் விட்டு எண்ணிடலாம் போல. பாத்தவங்க எல்லாரும் தோட்டத்துப் பக்கம் என்ன கதவுன்னு கேட்டா, யோசிக்காம ஒரே பதில் சொல்றாங்க: "பைஃபோல்டு". அதான் அந்த மடிப்புக் கதவு. விசிறி மாதிரி மடிச்சு ஒரு ஓரமா ஒதுக்கினா வீடும் தோட்டமும் ஒண்ணாயிடும்.

என் கட்சி வேற. கதவைத் திறந்து வச்சு அழகு பாத்து வாங்கறோம், ஆனா வருசம் பூரா மூடி வச்சுத்தான் வாழறோம். அதனால மூடின கதவைப் பாத்துத்தான் வாங்கணும்ங்கறது என் வாதம்.

ஷோரூம்ல நடக்கறதைக் கவனிச்சிருக்கீங்களா? விற்கறவர் முதல்ல செய்யற வேலை, கதவை ஒரு விரலால தள்ளி முழுசாத் திறந்து காட்டறதுதான். சுவத்துல ஒரு போட்டோ இருக்கும். நீல வானம், புல்வெளி, கையில கிளாஸோட நாலு பேர். இந்த ஊர்ல அப்படிப்பட்ட நாள் எத்தனைன்னு நமக்கே தெரியும். மழை, காத்து, நாலு மணிக்கே இருட்டற டிசம்பர், வெயில் அடிச்சா உள்ள வர்ற குளவி எல்லாம் கழிச்சுட்டுப் பாருங்க. நாலு மீட்டர் கதவை முழுசா மடிச்சு வைக்கற நாள், பிள்ளையோட பொறந்த நாளும் ரெண்டு பார்பெக்யூவும்தான். மத்த நாள் எல்லாம் துணி காயப்போடப் போறதுக்கு ஒரு பலகையைத் திறந்தாப் போதும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்க வீட்டு அளவையே வச்சுக்குவோம். மூணு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். இதுக்கு மூணு வழி உண்டு.

ஃப்ரெஞ்ச் கதவு. நம்ம ஊர் ரெட்டைக் கதவுதான், கண்ணாடி போட்டது. 1.8 மீட்டர் வரைக்கும் உள்ள திறப்புக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. விலையும் குறைவு, ரிப்பேரும் குறைவு. அகலம் அதிகமா இருந்தா ரெண்டு பக்கமும் நிலையான கண்ணாடி வைக்கணும்.

பைஃபோல்டு. மூணு மீட்டருக்கு மூணு பலகை. கிட்டத்தட்ட முழு வாசலும் திறக்கும், இது நிஜமான பெருமை. ஆனா மூடினா, ரெண்டு பலகை சேர்ற இடத்துல அலுமினியச் சட்டம் சுமார் 12 சென்டிமீட்டர் தடிமன்ல நிக்கும். அப்படி ரெண்டு தூண். தோட்டத்தைப் பாக்கணும்னு வாங்கின கதவு, தோட்டத்தையே மூணு துண்டா வெட்டிடும்.

ஸ்லைடிங். ரெண்டு பெரிய கண்ணாடி, நடுவுல ஒரே ஒரு சட்டம். நல்ல அலுமினியக் கதவுல அது நாலஞ்சு சென்டிமீட்டர்தான், விலை ஏற ஏற இன்னும் மெலிசாகும். ஆனா பாதி வாசல்தான் திறக்கும். சோபா உள்ள வரணும்னா அந்தப் பாதிக்குள்ளதான் வரணும்.

ஸ்லைடிங்னு சொன்னாலே முகம் சுளிக்கறவங்க உண்டு. அதுக்கும் காரணம் இருக்கு. 1980கள்ல போட்ட பழைய கதவுகள்ல உள்பக்க அலுமினியமும் வெளிப்பக்க அலுமினியமும் ஒரே துண்டு. வெளியில குளிர்ந்தா உள்ள சட்டம் பூரா வேர்த்துக் கொட்டும். தண்டவாளத்துல இருந்து கதவைத் தூக்கியே கழட்டிட்டுத் திருடன் உள்ள வந்த காலம் அது. இப்போ வர்ற சட்டங்கள்ல ரெண்டு அலுமினியத்துக்கும் நடுவுல சூடு கடத்தாத பிளாஸ்டிக் பட்டை இருக்கு. தூக்கிக் கழட்ட முடியாதபடி தடுப்பும் இருக்கு. பாஸ் 24ங்கற பூட்டு உடைப்புச் சோதனையில தேறின கதவான்னு கேட்டு வாங்கிட்டா அந்தப் பயம் வேண்டாம்.

இப்போ குளிர்க் கணக்கு. இங்கிலாந்து கட்டட விதிப்படி (2022 ஜூன்ல இருந்து நடைமுறை) எக்ஸ்டென்ஷன்ல புதுசா வைக்கற கண்ணாடிக் கதவோட யூ வேல்யூ 1.4க்கு மேல போகக்கூடாது. புதுச் சுவருக்கு 0.18. யூ வேல்யூன்னா வேற ஒண்ணுமில்ல, உள்ளயும் வெளியயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் சூடு தப்பிச்சுப் போகுதுங்கற கணக்கு. எங்க கதவு 6.3 சதுர மீட்டர். உள்ள 20 டிகிரி, வெளிய பூஜ்யம்னு வச்சா 6.3 × 1.4 × 20, சுமார் 176 வாட். ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தா 4 யூனிட்டுக்கு மேல. அதே இடத்துல சுவர் இருந்திருந்தா 23 வாட். அதாவது விதியோட எல்லையில நிக்கற கதவு, சுவரை விட கிட்டத்தட்ட எட்டு மடங்கு சூட்டை விடும்.

இதுல விற்கறவங்க ஒரு சின்ன வித்தை காட்டுவாங்க. "எங்க யூ வேல்யூ 1.0 சார்"ம்பாங்க. அது கண்ணாடியோட நடுப்பகுதிக்கு மட்டும். சட்டத்தையும் சேத்து முழுக் கதவுக்கு எவ்வளவுன்னு கேளுங்க, எழுத்துல கேளுங்க. அதுதான் விதிக்கும் கணக்கு, உங்க கேஸ் பில்லுக்கும் கணக்கு.

அடுத்தது இடுக்கு. மூணு பலகை பைஃபோல்டுல காத்து நுழையக்கூடிய இணைப்பு எல்லாத்தையும் கூட்டினா 14 மீட்டர் சொச்சம் வரும். ஒரு பக்கம் மட்டும் நகர்ற ஸ்லைடிங்ல 7 மீட்டர் சொச்சம். பாதிதான். ஆனா நியாயத்தையும் சொல்லிடணும். சாதா ஸ்லைடிங்ல இருக்கற பிரஷ் மாதிரியான சீல், அழுத்தி மூடற ரப்பர் அளவுக்குக் காத்தை நிறுத்தாது. அதுக்குத்தான் லிஃப்ட் அண்ட் ஸ்லைடுன்னு ஒரு வகை. கைப்பிடியைத் திருப்பினா பலகை லேசா எழும்பி உருளும், திருப்பி விட்டா உக்காந்து ரப்பரை அழுத்திக்கும். காசு கூடுதல். கொடுக்கலாம்ங்கறது என் கருத்து.

விதிகள்ல நம்மாளுங்க கோட்டை விடற இடங்கள். ஒண்ணு, 25 சதவீதம். எக்ஸ்டென்ஷன் தரைப் பரப்புல கால்வாசிக்கு மேல கண்ணாடி இருக்கக்கூடாது. அதோட, கட்டும்போது மறைஞ்சு போற பழைய ஜன்னல், கதவுப் பரப்பையும் கூட்டிக்கலாம். 15 சதுர மீட்டர் எக்ஸ்டென்ஷன்னா 3.75. பழைய கதவும் ஜன்னலும் சேந்து 3 இருந்துச்சுன்னு வைங்க, மொத்தம் 6.75. எங்க கதவு மட்டும் 6.3. மேல ஒரு கூரைக் கண்ணாடி வைக்கலாம்னு ஆசைப்பட்டா அப்பவே எல்லை தாண்டிடும். தாண்டவே கூடாதுன்னு இல்ல, வேற இடத்துல ஈடுகட்டிக் கணக்குக் காட்டணும். அதை பில்டிங் கன்ட்ரோல்கிட்ட முன்னாடியே பேசணும், கண்ணாடி வந்து இறங்கினப்புறம் இல்ல.

ரெண்டு, ஃபென்சா சான்றிதழ். அது பழைய கதவை எடுத்துட்டு அதே இடத்துல புதுசு மாட்டறதுக்கு. புது எக்ஸ்டென்ஷன் கதவுக்கு அது செல்லாது. பில்டிங் கன்ட்ரோல்தான் பாத்துக் கையெழுத்துப் போடணும். "ஃபென்சா தர்றோம் சார், கவலைப்படாதீங்க"ன்னு யாராவது சொன்னா, அங்கதான் கவலைப்படணும்.

மூணு, கதவுல தரையில இருந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும் உள்ள கண்ணாடி உடைஞ்சாலும் ஆளைக் கிழிக்காத பாதுகாப்புக் கண்ணாடியா இருக்கணும். ஓரத்துல அதுக்கான முத்திரை இருக்கும், குனிஞ்சு பாருங்க.

இனி நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கற விசயம், வாசப்படி. எங்க அம்மாவுக்கு எழுபத்திநாலு வயசு. மதுரையில இருக்காங்க. முட்டி ஆபரேசன் ஆகியிருக்கு. வர்ற அக்டோபர்ல ஆறு மாச விசிட்டர் விசாவுல வர்றாங்க. போன தடவை வந்தப்போ பழைய பின்வாசல்ல ஒரு கையால நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "ஏண்டா, ஒரு வாசப்படிய இம்புட்டு ஒசரத்துக்கா வைப்பாய்ங்க?"ன்னு கேட்டுட்டுத் திரும்பி உள்ள போயிட்டாங்க. ஆறு மாசத்துல தோட்டத்துல கால் வச்சது நாலஞ்சு தடவைதான் இருக்கும்.

சாதாரணமாப் போடற கதவுல கீழ்ச்சட்டம் தரைக்கு மேல அஞ்சு சென்டிமீட்டர் நிக்கும், மழைத்தண்ணி உள்ள வராம இருக்க. தாழ்வான படி கேட்டா 15 மில்லிமீட்டருக்குள்ள முடிக்கலாம். ஆனா அது கதவுக்காரர் மட்டும் செய்யற வேலை இல்ல. வெளித்தரை, சுவத்துல ஈரம் ஏறாமத் தடுக்கற பட்டைக்கு 150 மில்லிமீட்டர் கீழ இருக்கணும்ங்கறது பொது விதி. ரெண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வரணும்னா கதவை ஒட்டி மூடி போட்ட தண்ணி வடிகால் வேணும், கல் தரை வீட்டை விட்டு வெளிப்பக்கமாச் சரியணும். உள்ள என்ன டைல், எவ்வளவு கனம், அடியில சூடாக்கற பைப் உண்டாங்கறதெல்லாம் கதவு ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே முடிவாகணும். டைலை அப்புறமா பாத்துக்கலாம்னு விட்டா, பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்துல படி திரும்பவும் எழும்பி நிக்கும்.

இன்னொரு விசயமும் அம்மாவை வச்சுத்தான் யோசிச்சேன். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அவங்க செய்யப்போறது, நாற்காலியைக் கண்ணாடிகிட்ட போட்டு உக்காந்து வெளிய பாக்கறதுதான். அவங்களுக்குத் திறக்கற கதவு வேண்டாம், மறைக்காத கதவுதான் வேணும். பெரிய கண்ணாடி பக்கத்துல உக்காந்தா அறை 20 டிகிரி இருந்தாலும் உடம்பு குளிரும். அதனால இடுக்குல காத்து வராம இருக்கறது அவங்களுக்கு ஆடம்பரம் இல்ல.

தங்கமணி முதல்ல பைஃபோல்டு பக்கம்தான் நின்னாங்க. அப்புறம் அவங்களே ஒரு சோதனை பண்ணினாங்க. பழைய ஜன்னல் கண்ணாடியில 12 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டிட்டு ஒரு வாரம் அப்படியே விட்டாங்க. ஏழாம் நாள், "என்னங்க, இந்தத் தூணை எடுத்துடலாம்"னு அவங்களே டேப்பை உரிச்சாங்க. டேப் விலை ஒரு பவுண்டு. பல ஆயிரம் பவுண்டு முடிவு அதுல தெளிவாச்சு. நீங்களும் செஞ்சு பாருங்க.

பைஃபோல்டே கூடாதுன்னு சொல்லல. அகலமான தோட்டம், சின்னப் பிள்ளைங்க, வெயில் காலத்துல வாரம் ஒரு கூட்டம்னு வாழற குடும்பமா இருந்தா போடுங்க. ஆனா ஒத்தைப்படை எண்ணிக்கையில பலகை வர்ற மாதிரி கேளுங்க. அப்பத்தான் ஒரு பலகையைச் சாதாக் கதவாத் திறந்து பால்காரர் வேகத்துல போயிட்டு வரலாம். கதவு தெற்கோ மேற்கோ பாத்திருந்தா வெயிலைக் குறைக்கற கண்ணாடியும் கேளுங்க. 2022 ஜூலை 19ல லிங்கன்ஷயர்ல 40.3 டிகிரி அடிச்ச நாடு இது, மறந்துடாதீங்க.

கடைசியா காசு. "இன்னிக்கே கையெழுத்துப் போட்டா 40 சதவீதம் தள்ளுபடி"ன்னு சொல்ற இடத்துல பேனாவை எடுக்காதீங்க. நாளைக்கும் அதே கதவு அங்கதான் இருக்கும். அட்வான்ஸ்ல ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டுல கட்டுங்க. 100 பவுண்டுக்கு மேல 30,000 பவுண்டு வரைக்கும் விலையுள்ள பொருளுக்கு, 1974ஆம் வருச நுகர்வோர் கடன் சட்டத்தோட 75ஆம் பிரிவுப்படி, கம்பெனி கவுந்தாலும் கார்டு வங்கிகிட்ட கேக்கலாம். பத்து மாசச் சேமிப்பும் வீட்டுக் கடன்ல கூட வாங்கின காசும் போற இடம் இது.

நாங்க ஆர்டர் கொடுத்தது ரெண்டு கண்ணாடி லிஃப்ட் அண்ட் ஸ்லைடு, தாழ்வான படியோட. இப்போதைக்கு அந்த இடத்துல பிளைவுட் அடிச்சிருக்கு. கதவு வர இன்னும் பல வாரம் ஆகும், அக்டோபருக்குள்ள வரணும்னு பில்டரை நச்சரிச்சுக்கிட்டிருக்கேன் :-)

நீங்க ஷோரூம் போனா ஒண்ணு செய்யுங்க. விற்கறவர் கதவைத் திறந்து காட்டி முடிச்சதும், "மூடுங்க"ன்னு சொல்லிட்டு ஒரு நாற்காலி கேளுங்க. அஞ்சு நிமிசம் அதுக்கு எதிர்ல சும்மா உக்காருங்க. அடுத்த இருபது வருசம் நீங்க பாக்கப்போறது அதைத்தான்.