"கொஞ்சம் பொறுத்துக்கோங்க" ஒரு வலி மருந்து இல்லை

இந்த வார்த்தையை நானும் நிறைய தடவை சொல்லியிருக்கேன். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இந்த இழை.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு நைட் டூட்டி. நெற்றி கிழிஞ்சு வந்த ஒரு அம்மாவுக்கு மரத்துப்போற ஊசி போட்டு, உடனே தைக்க ஆரம்பிச்சுட்டேன். வெளியே எட்டு பேர் காத்திருந்தாங்க. அவங்க என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. 'வலி தாங்காத ஆள்'னு நினைச்சேன். மருந்துக்கு நான்தான் நேரம் கொடுக்கலை.

லிக்னோகைன் போட்டா 2 முதல் 5 நிமிஷம் காத்திருக்கணும். அந்த நேரத்துல நூலை எடுத்து வைக்கலாம். ஊசியே எரியுதுன்னு நீங்க சொல்றதும் நிஜம்தான், அந்த மருந்துல அமிலத்தன்மை உண்டு. மெல்லிய ஊசியில, மெதுவா, காயத்தோட உள்ஓரத்துல இருந்து போட்டா எரிச்சல் குறையும். இதுக்கு எந்த பட்ஜெட்டும் வேண்டாம்.

பல் பிடுங்கப் போறவங்களுக்கு ஒண்ணு: சீழ் பிடிச்ச இடத்துல இந்த ஊசி சரியா பிடிக்காது. "எனக்கு மரக்கவே இல்லை"ன்னா அது உங்க பயம் மட்டும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை மரப்பு முழுசா விடுறதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க. குழந்தைன்னா மரத்த உதட்டைக் கடிச்சுப் புண்ணாக்கிக்கும், பக்கத்துல இருந்து பாருங்க.

எனக்கு ரொம்பக் கோபம் வர்றது டிரெஸ்ஸிங் ரூம்லதான். புண்ணுல காய்ஞ்சு ஒட்டின துணியை ஒரே இழுப்பா இழுக்கிறது. சலைன் ஊத்தி ரெண்டு நிமிஷம் ஊற விட்டா தானா வந்துடும். வலி மட்டுமில்லை, இழுக்கும்போது புதுசா வளர்ந்த சதையும் சேர்ந்து பிய்யுது. "சுகர் பேஷன்ட்தானே, உணர்ச்சி இருக்காது"ன்னு நாங்களே முடிவு பண்ணிடுறோம். எல்லாருக்கும் அப்படி இல்லை. வலிக்குப் பயந்து டிரெஸ்ஸிங்கை நிறுத்தினவர், மூணு வாரம் கழிச்சு விரல் கறுத்துப் போய் வந்ததை நான் பார்த்திருக்கேன். அவரைத் திட்டினோம். ஏன் வரலைன்னு யாரும் கேட்கலை.

கூட்டம் அதிகம், ஆள் குறைவு, ஒத்துக்கிறேன். ஆனா அழுது திமிர்ற ஒருத்தரைப் பிடிச்சு வச்சுத் தைக்க, அந்த அஞ்சு நிமிஷத்தை விட அதிகமாவே ஆகுது.

அதனால அடுத்த தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. "டாக்டர், இன்னும் மரக்கலை", "சிஸ்டர், கொஞ்சம் நனைச்சு எடுங்க"ன்னு கேளுங்க. முறைச்சாலும் பரவாயில்லை, கேளுங்க.