பையன்கள் எங்கே?

எஸ்.பி.எம். சிறப்பு பூஜையில பேனா வச்சு கும்பிட வந்தவங்கள்ல முக்கால்வாசி பெண் பிள்ளைங்க. பையன்கள் எங்கே? வெளியே கூடாரம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த வேலையைக் கொடுத்தது நாங்கதான்.

மெட்ரிகுலேஷன்ல 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு, 10 விழுக்காடு மத்தவங்களுக்கு. இதைப் பேசத்தான் வேணும். பல வருஷம் கேட்ட பிறகுதான் 2024-ல, 10 ஏ எடுத்தா எந்த இனமா இருந்தாலும் இடம் உண்டுன்னு அரசாங்கம் சொன்னது. ஆனா படிவம் 4-லயே பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதனால என்ன பலன்?

தொழிற்சாலைக்குப் புதுசா வர்ற பையனுக்கு முதல் சம்பளம் பெருசா தெரியும். அதே லைன்ல 30 வருஷம் நின்ன எங்களுக்குத்தான் அது எவ்வளவு சின்னதுன்னு தெரியும்.

நல்லா படிச்ச பெண்ணுக்கு வேற தடை. "தூரத்து ஹாஸ்டல் வேணாம்மா"ன்னு யு.பி.யு.வுல பக்கத்து ஊரை மட்டும் போடச் சொல்றோம். இதுவும் நாம வச்ச கோட்டாதான்.

அரசாங்கக் கோட்டா மாற காலம் ஆகும். நம்ம வீடும் கோயிலும் இந்த வாரமே மாறலாம். இனி பரீட்சை முடியுற வரைக்கும் படிவம் 5 பையன்களுக்குக் கோயில் வேலை கிடையாது. கூடாரத்தை நாங்களே போட்டுக்கிறோம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல படிக்க மேசை இருக்கும். யு.பி.யு. பாரம் நிரப்பவும் ஆள் இருப்பாங்க. பையனையும் பெண்ணையும் சேர்த்தே அனுப்புங்க.

முருகன் துணை.