வலி தணிந்தால் நோய் தணிந்ததாகுமா?



காலாப்பட்டில் நாள்தோறும் திருப்பலிக்கு வரும் மூதாட்டி ஒருவர், விரல்கள் வீங்கிச் செபமாலை மணியை நகர்த்தவும் இயலாதிருந்தார். முடக்குவாதம். மருத்துவர் வாரம் ஒருமுறை உண்ணத் தந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை, "ஒரு மாதமாகியும் குணம் தெரியலை சாமி" என்று நிறுத்திவிட்டாராம். கடையில் வாங்கிய வலி மாத்திரையே துணை.

பலர் இடறுவது இங்கேதான். இந்நோயில் உடலின் காவற்படையே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அதனைத் தடுப்பது மூலமருந்து. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இடைக்கால வேதனைக்கே வலி மாத்திரையோ சிறிதளவு ஸ்டீராய்டோ சேர்த்துத் தருகிறார்கள். வலி மாத்திரை மூட்டின் அரிப்பை நிறுத்தாது. நாள்பட உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஸ்டீராய்டின் கதை வேறு. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஹென்ச் கார்ட்டிசோன் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்தோர் சில நாட்களில் எழுந்து நடந்தனர். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. எலும்பு தேய்வதும் முகம் உப்புவதும் பின்னரே தெளிவாயின. பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கும் 'வாதப்பொடி' உடனே சுகம் தந்தால், எனக்கு முதலில் எழுவது ஐயமே. அதற்காக, பல நாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

அம்மூதாட்டி மகனுடன் ஜிப்மருக்குச் சென்றுவந்தார். இரத்தப் பரிசோதனைக்குப் பின் மூலமருந்து மீண்டும் தொடங்கியது. அதை நாள்தோறும் உண்டு உயிரிழந்தோரும் உண்டு. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் உண்பதெனக் கிழமை குறித்துக்கொண்டார். ஃபோலிக் அமில மாத்திரை செவ்வாயன்று.

"இன்னும் எத்தனை ஞாயிறு சாமி?" என்கிறார். எண்ணி வருகிறோம், இது நான்காவது.